கூடங்குளம் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னது தவறா?

தென்மாவட்டக் கடலோரத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலைத் தமிழாசிரியராக இருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் பெயர், பள்ளி, பிள்ளைகளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். நீளமான கடிதம். சுருக்கம் இதுதான்:

"பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கட்டுரை என்றாலே நோட்ஸில் இருப்பதை ஒப்பிப்பதுதான். குறிப்புகளைக் கொடுத்தால் முன்னுரையிலிருந்து முடிவுரை வரை கோடு போட்டு எழுதிவிடுவார்கள். சொந்தமாக ஒரு கருத்தைச் சொல்லி அதை நிலைநாட்டத் தெரியாது. இதை மாற்ற வேண்டும் என்று, எங்கள் ஊர்ப் பக்கம் எல்லோரும் பேசுகிற ஒரு விஷயத்தையே தலைப்பாகக் கொடுத்தேன்: 'கூடங்குளம் அணுமின் நிலையம் தேவையா?' யாரும் வீட்டில் கேட்டதை அப்படியே எழுதிவிடக் கூடாது, நடுநிலையாக இருக்க வேண்டும் என்பதற்காக இடப்பக்க பெஞ்சுகள் ஆதரித்தும் வலப்பக்க பெஞ்சுகள் எதிர்த்தும் எழுதச் சொன்னேன்.

"மீனவர் குடும்பத்துப் பெண் ஒருத்தி ஆதரிக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். 2012 அணு உலை எதிர்ப்புப் போராட்டத்தில் அவள் சித்தப்பா மீது வழக்குப் போட்டிருந்தார்கள். அவள் 'முன்னுரை' என்று மட்டும் எழுதி அடிக்கோடு போட்டுத் தாளைக் கொடுத்துவிட்டாள். இன்னொரு பையன் எதிர்த்து மிக நன்றாக எழுதியிருந்தான். வகுப்பில் வாசித்துக் காட்டினேன். அந்தத் தாளை யாரோ படமெடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். அவன் அப்பா அணுமின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. மறுநாளே பள்ளிக்கு வந்து, 'எஞ் சோத்துல மண்ண அள்ளிப் போட்டுராதீங்க டீச்சர்' என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"தலைமையாசிரியர், 'சர்ச்சைக்குரிய விஷயத்தைப் பள்ளியில் எழுத வைக்கக் கூடாதென்று சட்டமே இருக்கிறது. நாளைக்கு 17-பி என்று ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை வந்தால் நான் பொறுப்பில்லை. மரம் வளர்ப்போம், நூலகத்தின் பயன் என்று கொடுங்கள்' என்கிறார். நான் சட்டத்தை மீறிவிட்டேனா? அந்தப் பையன் மீது தேசத்துரோக வழக்கு அது இது என்று வருமா? உணர்ச்சியைக் கலக்காதீர்கள் என்று பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன், அப்படியும் ஏன் இப்படி ஆயிற்று? இன்னொன்று. கல்லூரியில் படிக்கும்போது நானே இடிந்தகரையில் அணு உலை எதிர்ப்புப் போராட்டப் பந்தலில் போய் உட்கார்ந்தவள். அதைப் பிள்ளைகளிடம் மறைத்தது நேர்மையா? இனி இந்த வேலையையே விட்டுவிடலாமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: விடாதீர்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு, தான் நம்புவதைக் காரணத்தோடு எழுதவும், நம்பாதவர் சொல்வதைத் திரிக்காமல் எடுத்துச் சொல்லவும் கற்றுக்கொடுப்பதைவிட ஒரு தமிழாசிரியருக்கு முக்கியமான வேலை எனக்குத் தெரிந்து இல்லை. பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை என்றாகிவிட்ட இந்த நேரத்தில் அதற்கு இடமும் கிடைத்திருக்கிறது. நீங்கள் எடுத்துக்கொண்ட வேலை சரிதான். செய்த விதத்தில்தான் மூன்று நான்கு இடங்களை மாற்ற வேண்டும். அவை எல்லாமே மாற்றக்கூடியவை.

உங்கள் தலைமையாசிரியர் சொன்ன சட்டம்

அப்படி ஒரு சட்டம் கிடையாது. அரசியல் சாசனத்தின் 19(1)(அ) தரும் கருத்துரிமை பள்ளி வாசலோடு நின்றுவிடுவதில்லை. கேரளத்தில் தேசிய கீதம் பாடப்படும்போது எழுந்து நின்றும் தங்கள் மத நம்பிக்கையால் பாடாமல் இருந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி 1986-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளைகளுக்கும் மனசாட்சி உண்டு, அதற்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு என்பதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொன்ன தீர்ப்பு அது. ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992-ல் ஏற்றுக்கொண்டது. தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைகளுக்கு உண்டு என்று அதுவும் சொல்கிறது. அணு உலைக்குப் பக்கத்தில் வளரும் பிள்ளையை அந்த உலையைவிட நேராகத் தொடுகிற பொதுவிஷயம் வேறு எது?

ஆனால் உங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு, அதை மறக்க வேண்டாம். 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் உங்களுக்குப் பொருந்தும். அரசின் கொள்கையைப் பத்திரிகையிலோ பொதுமேடையிலோ நீங்கள் விமர்சித்தால் அது பிரச்சினை. இன்றைக்கு முகநூல் பதிவையும் அந்தக் கணக்கில்தான் பார்ப்பார்கள். வகுப்பில் ஒரு தலைப்பைக் கொடுத்து இரு தரப்பு வாதங்களையும் எழுதச் சொல்வது அந்த வகையில் சேராது. பாடத்திட்டத்தின் எழுதுதல் பயிற்சியோடு அதை இணைத்து, பாடக்குறிப்பேட்டில் முன்கூட்டியே எழுதி, தலைமையாசிரியரிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தால் 17-பி என்ற பேச்சு எழுவதற்கே இடமிருந்திருக்காது. இந்த முறை அதைச் செய்யவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அடுத்த முறை கட்டாயம் செய்யுங்கள்.

தேசத்துரோகம் பற்றிய பயம் உங்கள் பகுதியில் எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. 2011, 2012-ல் அந்தப் பிரிவில் ஊர் ஊராக வழக்குப் போட்டார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தனியாகப் பாருங்கள். வன்முறைக்கோ பொது அமைதிக் குலைவுக்கோ தூண்டாத வரை அரசை எவ்வளவு கடுமையாக விமர்சித்தாலும் அது தேசத்துரோகம் ஆகாது என்று 1962-லேயே கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பழைய தேசத்துரோகப் பிரிவான 124-ஏ-வை 2022 மே மாதம் அதே நீதிமன்றம் நிறுத்திவைத்தது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவும், அரசின் நடவடிக்கைகளைச் சட்டத்துக்கு உட்பட்டு மாற்றவைக்கும் நோக்கில் அவற்றை ஏற்காமல் எழுதுவதைக் குற்றமாக்கவில்லை. கூடங்குளத்தைப் பொறுத்தவரை, 2013 மே மாதத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் உலை இயங்க அனுமதி அளித்துக்கொண்டே, போராடியவர்கள் மீதான குற்ற வழக்குகளைத் திரும்பப்பெற முயற்சி எடுக்க வேண்டும் என்றும் சொன்னது. உங்கள் பிள்ளைகளில் பலருக்கு இது தெரிந்திருக்காது. அந்தப் பெண்ணுக்குக் கட்டாயம் தெரிய வேண்டும்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 2020-ல் கர்நாடகத்தின் பீதர் நகரில் ஒரு பள்ளியில் பிள்ளைகள் குடியுரிமைச் சட்டம் பற்றி நாடகம் போட்டதற்குத் தேசத்துரோக வழக்கு வந்தது. ஒரு தாயும் ஓர் ஆசிரியையும் கைதானார்கள். பிள்ளைகளையும் போலீஸ் விசாரித்தது. 2023-ல் உயர் நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. ஆனாலும் அரசின் கொள்கைகளை விமர்சிப்பதிலிருந்து பிள்ளைகளைத் தள்ளி வைப்பதே பள்ளிக்கு நல்லது என்று அதே தீர்ப்பில் ஓர் அறிவுரையும் இருந்தது. அந்த அறிவுரையோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் உங்கள் தலைமையாசிரியரின் பயம் கற்பனை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். அந்த நாடகத்தின் காணொளி இணையத்துக்குப் போன பிறகுதான் விவகாரம் வெடித்தது. உங்கள் பள்ளியிலும் கட்டுரை வகுப்பைவிட்டு வெளியே போன பிறகுதான் தகராறு வந்தது. இதைப் பிறகு பேசுவோம்.

பெஞ்சு பார்த்துப் பக்கம் பிரித்தது

இங்கேதான் உங்களோடு எனக்கு முக்கியமான கருத்து வேறுபாடு. யார் எந்தப் பக்கம் என்பதை நாமே ஒதுக்கிவிட்டால் நடுநிலை வந்துவிடும் என்று நினைத்தீர்கள். பட்டிமன்றத்திலும் பேச்சுப் போட்டியிலும் அப்படித்தான் செய்கிறோம். 'கிராம வாழ்க்கையா, நகர வாழ்க்கையா' என்றால் யாருக்கும் ஒன்றும் நஷ்டமில்லை, கொடுத்த பக்கத்தைப் பேசிவிட்டு இறங்கலாம். சித்தப்பா மீது வழக்கு இருக்கிற வீட்டுப் பெண்ணிடம் உலையை ஆதரித்து எழுது என்றால், வீட்டாரைக் காட்டிக்கொடு என்று சொன்னதாகத்தான் அவள் எடுத்துக்கொள்வாள். ஒப்பந்தத் தொழிலாளியின் மகனுக்கும் அப்படியே. அவன் நன்றாக எழுதியதே அவனுக்கு வினையாகிவிட்டது.

வாதக் கட்டுரையில் நிலைப்பாடு எழுதுகிறவருடையதாக இருக்க வேண்டும். எதிர்த்தரப்பைப் புரிந்துகொள்ள வைப்பதற்கு வேறு வழி இருக்கிறது. அது நம் கையிலேயே இருக்கிறது, நாம்தான் பயன்படுத்துவதில்லை.

நன்னூல் பாயிரத்தில் எழுவகை மதம், அதாவது ஏழு வகைக் கொள்கை, என்று பாடம் நடத்தியிருப்பீர்கள். பிறர் கருத்துக்கு உடன்படுவது, மறுப்பது, பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவது, தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்துவது, இருவர் மாறுபடும்போது ஒரு பக்கம் துணிவது, பிறர் நூலின் குற்றம் காட்டுவது, பிறரோடு சேராமல் தன் கொள்கையைக் கொள்வது. மாணவர்கள் இதை இரண்டு மதிப்பெண் வினாவுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். வாதம் எழுதுவதற்கான வழிகாட்டி என்று யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. இந்த ஏழில் 'பிறர்தம் மதமேற் கொண்டு களைவு' என்ற மூன்றாவதை மட்டும் பிள்ளைகள் கைவசப்படுத்திவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதற்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். மாறுபட்ட கருத்துள்ள இருவரை ஜோடியாக உட்கார வையுங்கள். ஒருவர் மற்றவருடைய வாதத்தை நாலைந்து வரியில் எழுத வேண்டும். எழுதியதை அவரிடமே காட்ட வேண்டும். "ஆமா, நான் சொல்றது இதுதான்" என்று அவர் ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்துப் போட்ட பிறகுதான் மறுப்பு எழுத அனுமதி. முதல் தடவை யாருக்கும் கையெழுத்துக் கிடைக்காது. "நான் அப்படியா சொன்னேன்?" என்று சண்டை வரும். இரண்டாவது, மூன்றாவது தடவையில் பிள்ளைகள் எதிராளி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க ஆரம்பிப்பார்கள். யாரையும் பக்கம் மாறச் சொல்லாமலே எதிர்ப்பக்கத்தின் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள்.

தலைப்பை உடைக்க வேண்டும்

'கூடங்குளம் அணுமின் நிலையம் தேவையா?' என்பது பதினாறு வயதுப் பிள்ளை இரண்டு பக்கத்தில் எழுதி முடிக்கக்கூடிய கேள்வி இல்லை. சோவியத் யூனியனோடு 1988-ல் ஒப்பந்தம் போட்ட காலத்திலிருந்து நாடே பேசிக்கொண்டிருக்கிற விஷயம். இவ்வளவு பெரிய கேள்வியைக் கொடுத்தால் பிள்ளைகள் முழக்கத்துக்குத்தான் போவார்கள்.

இதற்குள்ளேயே மூன்று வகைக் கேள்விகள் கலந்து கிடக்கின்றன. உலையிலிருந்து கடலில் விடும் தண்ணீர் கடல்நீரைவிட எத்தனை டிகிரி சூடாக இருக்கிறது, 7 டிகிரி வரம்புக்குள் இருக்கிறதா என்பது அளந்து சொல்ல வேண்டிய விஷயம். அதில் 'என் கருத்து' என்று ஒன்று கிடையாது. பல மாநிலங்களுக்குப் போகும் மின்சாரத்துக்காகச் சில கடலோரக் கிராமங்கள் மட்டும் அபாயத்தையும் பயத்தையும் சுமக்கலாமா என்பது நியாயம் பற்றிய கேள்வி. அதை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. பயன்படுத்திய எரிபொருளை அதே வளாகத்தில் சேமித்து வைக்கலாமா, வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமா என்பது இனி என்ன செய்வது என்ற கேள்வி. இதற்கு முதல் இரண்டும் வேண்டும். பெரியவர்கள் போடும் சண்டைகளில் பாதி, ஒருவர் முதல் வகையில் பேச, இன்னொருவர் இரண்டாம் வகையில் பதில் சொல்வதால் வருவது. "விபத்து நடக்க வாய்ப்பு மிகக் குறைவு" என்கிறார் ஒருவர். "எங்களைக் கேட்டீர்களா?" என்கிறார் மற்றவர். இரண்டுமே நியாயமான பேச்சுதான், ஆனால் ஒன்றுக்கு ஒன்று பதிலாகாது. இதைப் பிரித்துப் பார்க்கப் பிள்ளைகளுக்கு ஒரு முழு வகுப்பைச் செலவிடுங்கள். வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

பிரித்துக் காட்டிய பிறகு சின்னக் கேள்வியாகக் கொடுங்கள். பயன்படுத்திய எரிபொருளைக் கூடங்குளத்திலேயே சேமிப்பதற்கான திட்டத்துக்கு 2019-ல் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்துப் பிறகு தள்ளிவைத்தார்கள். 'அப்படி ஒரு கூட்டம் நடந்தால் எப்படி நடத்த வேண்டும், எந்த மொழியில், யாரையெல்லாம் அழைத்து?' என்று கேட்கலாம். மீனவர் வீட்டுப் பிள்ளையும் ஒப்பந்தத் தொழிலாளியின் பிள்ளையும் அதில் ஒரே பக்கம் நிற்கக்கூடும். ஒன்று முதல் இரண்டு வரையிலான அலகுகள் தலா 1000 மெகாவாட் திறனோடு இயங்குகின்றன, மூன்று முதல் ஆறு வரை கட்டப்பட்டு வருகின்றன என்பது போன்ற அடிப்படைத் தகவல்களை ஒரே தாளில் அச்சிட்டு எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். ஜப்பானின் புகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு மக்கள் எதைக் கண்டு பயந்தார்கள், குளிரூட்டும் முறை பற்றி விஞ்ஞானிகள் என்ன பதில் சொன்னார்கள் என்று இரண்டும் அதில் இருக்கட்டும். அப்போது வாட்ஸ்அப்பில் வந்ததை ஆதாரமாகக் காட்டும் வேலை குறையும்.

ஆனாலும் இதிலேயே ஆரம்பிக்காதீர்கள். உங்கள் வட்டாரத்தில் ஜல்லிக்கட்டு பெரிய விஷயமில்லை, அதனாலேயே அது உங்களுக்கு நல்ல பயிற்சித் தலைப்பு. 2014-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் கூடி, மாநிலம் சட்டம் திருத்தியது. 2023-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. முதல் தீர்ப்பு எந்தக் காரணத்தைப் பெரிதாக எடுத்தது, கடைசித் தீர்ப்பு எதை ஏற்றது, நடுவில் மாறியது என்ன என்று பிள்ளைகளைத் தேட விடுங்கள். படித்த நீதிபதிகளே இரண்டு விதமாக முடிவு செய்த விஷயத்தில் எதிர்க்கருத்துக்காரரை முட்டாள் என்று எழுத யாருக்கும் கை வராது.

இன்னொரு எல்லையையும் சொல்லிவிடுகிறேன். எல்லாத் தலைப்புக்கும் இரண்டு பக்கம் உண்டு என்ற எண்ணம் வேண்டாம். தீண்டாமையை அரசியல் சாசனத்தின் 17-ஆம் பிரிவு ஒழித்துவிட்டது. 'சாதி மாறித் திருமணம் செய்யலாமா' என்று தலைப்புக் கொடுத்தால், அப்படிப் பிறந்த பிள்ளை ஒன்று உங்கள் வகுப்பிலேயே உட்கார்ந்து தன் பிறப்பைப் பற்றிய விவாதத்தைக் கேட்க வேண்டியிருக்கும். 2023-ல் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய செய்தி உங்களுக்கு ரொம்பத் தூரத்துச் செய்தி இல்லை. அதன் பிறகுதான் பள்ளிகளில் சாதியை ஒழிக்க என்ன செய்யலாம் என்று ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை ஒரு நபர் குழுவாக அரசு அமைத்தது. அவர் 2024-ல் தந்த பரிந்துரைகளில் எதை எப்படி நடைமுறைப்படுத்துவது என்பதில் நேர்மையான கருத்து வேறுபாடு இருக்க முடியும். அதைத் தலைப்பாக்குங்கள். மனிதருடைய மதிப்பைத் தலைப்பாக்காதீர்கள்.

உணர்ச்சியைக் கலக்காதே என்பது பற்றி

அந்தப் பையனின் கட்டுரையிலிருந்து சில வரிகளை அனுப்பியிருந்தீர்கள். வகுப்பில் கைதட்டல் வாங்கிய பத்தி:

"உயிர் பெரிதா? மின்சாரம் பெரிதா? சிந்தித்துப் பாருங்கள்! நாளை நம் சந்ததி நம்மை மன்னிக்குமா? ஒரு பல்பு எரிவதற்காக ஓர் ஊரையே எரிக்கலாமா? விழித்தெழு தமிழா!"

பேச்சுப் போட்டி மேடையில் இது எடுபடும். கட்டுரையில் இதற்குள் ஒரு காரணம்கூட இல்லை, கேள்விகள் மட்டும்தான் இருக்கின்றன. 'ஊரையே எரிக்கலாமா' என்று எந்த ஆதரவாளரும் கேட்கவில்லை. இந்தப் பத்திக்கு எதிராளி கையெழுத்துப் போட மாட்டார். இதே கருத்தை இதே பையன் இப்படி எழுதலாம்:

"அணுமின் நிலையம் எங்கள் ஊரில் பல வீடுகளுக்குச் சம்பளம் கொடுக்கிறது. என் வீடும் அதில் ஒன்று. உலையில் அவசரக் குளிரூட்டும் வசதிகள் இருப்பதாக நிர்வாகம் சொல்வதை நான் நம்பத் தயார். ஆனால் விபத்து நடந்தால் எந்த வழியாக வெளியேற வேண்டும் என்று எங்கள் தெருவில் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. இயந்திரம் தயாராக இருந்து ஊர் தயாராக இல்லை என்றால் பாதுகாப்பு ஏற்பாடு முடிந்துவிட்டதாக ஒப்புக்கொள்ள முடியாது."

இதில் உணர்ச்சி குறைந்துவிட்டதா? எனக்கு இதுதான் நெஞ்சில் தைக்கிறது. அதனால் 'உணர்ச்சி வேண்டாம்' என்று சொல்வதை நிறுத்திவிட்டு, 'உனக்குத் தெரிந்ததைச் சொல், அது எதுவரைக்கும் ஆதாரமாகும் என்றும் சொல்' என்று சொல்லிப் பாருங்கள். சித்தப்பா கோர்ட்டுக்கு அலைந்தது அந்தப் பெண் கண்ணால் பார்த்தது. போராடியவர்களை எப்படி நடத்தினார்கள் என்பதற்கு அது நல்ல சான்று. உலை வெடிக்குமா என்பதற்கு அது சான்றாகாது. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் அவள் தன் அனுபவத்தை ஒளிக்கவும் வேண்டாம், அதையே எல்லாவற்றுக்கும் பதிலாக நீட்டவும் வேண்டாம். எல்லா உணர்ச்சியையும் வாசலில் விட்டுவிட்டு வா என்றால் அவளைப் போன்ற பிள்ளைக்கு எழுத என்னதான் மிஞ்சும்? அவள் வெற்றுத்தாள் கொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மதிப்பெண்

எதற்கு எத்தனை என்பதைக் கட்டுரை எழுதும் முன்பே கரும்பலகையில் எழுதிவிடுங்கள். இருபது என்றால், நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொன்னதற்கு நான்கு, சான்றுக்கு ஆறு, எதிர்வாதத்தை நேர்மையாகச் சொல்லிப் பதில் தந்ததற்கு ஆறு, மொழிக்கு நான்கு. எந்தப் பக்கம் என்பதற்குப் பூஜ்யம். தாளில் பெயர் வேண்டாம், எண் போதும். நீங்கள் மனதார ஏற்காத பக்கத்தை எழுதிய தாள்களில் சிலவற்றை வேறொரு ஆசிரியரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லி, இரண்டு மதிப்பெண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு யாராவது புகார் சொன்னாலும் காட்ட உங்களிடம் ஏதாவது இருக்கும்.

நீங்கள் பந்தலில் உட்கார்ந்தது

மறைத்தது நேர்மைக்குறைவு இல்லை. பிள்ளைகள் எழுதி முடிப்பதற்கு முன் ஆசிரியர் தன் பக்கத்தைச் சொல்லிவிட்டால், பாதிப் பேர் மதிப்பெண்ணுக்காக அந்தப் பக்கம் சாய்வார்கள். ஒன்றிரண்டு பேர் வீம்புக்கு எதிர்ப்பக்கம் போவார்கள். எழுதுவதற்கு முன் சொல்லாமல் இருந்தது சரிதான்.

ஆனால் பிள்ளைகள் நேரடியாகக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். சின்ன ஊர், யாராவது சொல்லிக் கேள்விப்பட்டும் இருப்பார்கள். "எனக்கு ஒரு கருத்து இருக்கு. கட்டுரையெல்லாம் திருத்திக் கொடுத்த பிறகு எதிர்த்தரப்பில் எனக்குப் பதில் தெரியாத வாதம் எதுன்னு சொல்றேன்" என்று சொல்லலாம். அதைச் சொல்லவும் செய்யுங்கள். அரசு ஊழியர் என்ற முறையிலும் அதுதான் பாதுகாப்பு. இருபது வயதில் போராட்டத்துக்குப் போனதற்காக நீங்கள் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது உடனே செய்ய வேண்டியது

கட்டுரைத் தாள் வகுப்பை விட்டு வெளியே போகக் கூடாது என்பதை எழுதப்படாத சட்டமாக்குங்கள். வாசித்துக் காட்டுவதானால் எழுதியவரிடம் தனியாகக் கேட்டு, அவர் சம்மதித்தால் பெயர் சொல்லாமல் வாசியுங்கள். படமெடுத்த ஆசிரியரோ மாணவரோ யார் என்று துப்பறிய வேண்டாம். பெற்றோர் குழுவை நடத்துபவரிடம் பேசி அந்தப் படத்தை நீக்கச் சொல்லுங்கள், அதைத் தலைமையாசிரியர் வழியாகச் செய்யுங்கள். அவர் உங்களுக்கு எதிரி இல்லை. பள்ளிக்குப் பிரச்சினை வரக் கூடாது என்று நினைக்கிறார். ஒரு பக்கத்தில் திட்டம் எழுதிக் கொடுங்கள்: முதலில் ஜல்லிக்கட்டு, பிறகு செல்போன் போன்ற பொதுத் தலைப்பு, அப்புறம் உள்ளூர் விஷயம். பக்கத்தை மாணவரே தேர்ந்தெடுப்பார். விருப்பமில்லாதவருக்கு மாற்றுத் தலைப்பு உண்டு. எந்தத் தாளும் வெளியே போகாது. பள்ளி மேலாண்மைக் குழுவிலும் ஒருமுறை சொல்லிவிடலாம். இவ்வளவுக்குப் பிறகும் உள்ளூர்த் தலைப்பு வேண்டாம் என்று அவர் சொன்னால், இந்த ஆண்டு விட்டுக்கொடுத்துவிடுங்கள். முறையைக் கற்றுக்கொண்ட பிள்ளை எந்தத் தலைப்புக்கும் அதை எடுத்துப் போகும்.

அந்தப் பெண்ணிடம் வெற்றுத்தாளுக்கு விளக்கம் கேட்காதீர்கள். பக்கத்தை நான் ஒதுக்கியிருக்கக் கூடாது என்று நீங்களே சொல்லுங்கள். விருப்பப்பட்டால் எந்தப் பக்கத்திலும் எழுதலாம், வேறு தலைப்பிலும் எழுதலாம் என்று சொல்லி, அவளே வரும்வரை விட்டுவிடுங்கள். சுழியம் போட்டிருந்தால் அடித்துவிடுங்கள்.

பையனின் அப்பாவை மறுபடி பள்ளிக்கு வரச்சொல்ல வேண்டாம். ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போயிற்று. ஞாயிற்றுக்கிழமை நீங்களே போனில் கூப்பிடுங்கள். எதிர்த்து எழுதச் சொன்னது ஆசிரியர்தான், அது பையனுடைய சொந்த நிலைப்பாடு இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். வேலையிடத்தில் யாராவது கேட்டால் காட்டுவதற்கு, அது வகுப்புப் பயிற்சிதான் என்று தலைமையாசிரியர் கையெழுத்தோடு ஒரு கடிதம் வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டும் என்றால் திங்கட்கிழமையே பையன் கையில் கொடுத்துவிடுங்கள்.